புல்டாக் அடம்பிடிக்கிறதா? முதலில் மூச்சைக் கவனியுங்கள்

கூப்பிட்டால் வருவதில்லை. நடக்கப் போனால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறது. சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. புல்டாக் வளர்க்கும் வீடுகளில் அதிகம் கேட்கிற புகார்கள் இவைதான். மூன்றுக்கும் 'பிடிவாதம்' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். ஆனால் முதலாவது பெரும்பாலும் பயிற்சியில் நாம் செய்த தவறு, இரண்டாவது மூச்சு வாங்குவதாலோ உடல் சூட்டாலோ வருவது, மூன்றாவது பயம். காரணம் தெரியாமல் மிரட்டினால் மூன்றும் முற்றிப்போகும்.

இங்கே பேசுவது இங்கிலீஷ் புல்டாக் பற்றி. ஆண் 25 கிலோ, பெண் 23 கிலோ வாக்கில் இருக்கும். குட்டையான கால், அகன்ற மார்பு, சுருக்கம் விழுந்த முகம். பிரெஞ்சு புல்டாக் இதில் பாதி எடைதான், துறுதுறுப்பு அதிகம். மூச்சுத் தொல்லை மட்டும் இரண்டுக்கும் பொது. அமெரிக்கன் புல்டாக் உயரத்திலும் ஓட்டத்திலும் காவல் புத்தியிலும் வேறு ரகம், அதற்கு இந்தக் குறிப்புகள் பொருந்தாது.

குணம் எங்கிருந்து வந்தது

கட்டிப்போட்ட காளையின் மூக்கைக் கவ்வித் தொங்குவதற்காக இங்கிலாந்தில் வளர்த்த நாய் இது. அந்தக் கொடூர விளையாட்டை 1835ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. வேலை போன பிறகும் இனம் அழியக் கூடாது என்று நினைத்தவர்கள், சாதுவான நாய்களாகப் பார்த்து இணைசேர்த்துக் குட்டி எடுத்தார்கள். சில தலைமுறைகளில் மூர்க்கம் வடிந்தது. கவ்வியதை லேசில் விடாத வீம்பும், வலித்தாலும் முனகாத குணமும் மிஞ்சின. இந்த இரண்டாவது குணம்தான் வளர்ப்பவரை ஏமாற்றும். காது சீழ்பிடித்துக் கிடந்தாலும் நாய் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்.

வளர்ந்த புல்டாக் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். விழித்திருக்கும் நேரத்தில் நீங்கள் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும், உங்கள் காலில் முழு எடையையும் சாய்த்து நிற்கும், அல்லது உங்கள் பாதத்தின் மேலேயே உட்காரும். குரைப்பது குறைவு, செருமல், முனகல், பெருமூச்சு என்று தனக்கென ஒரு பாஷை வைத்திருக்கும். யார் வந்தாலும் வாலாட்டுகிற ரகம் என்பதால், காவலுக்கென்று வாங்கினால் உபயோகமில்லை. அதன் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பயந்துகொள்ளட்டும், அவ்வளவுதான்.

'சோம்பேறி நாய், தொந்தரவு இருக்காது' என்று நம்பிக் குட்டி வாங்குகிறவர்கள் முதல் வருடத்திலேயே திணறிப்போவார்கள். புல்டாக் குட்டி சோம்பேறி இல்லை. செருப்பு, மேசைக்கால், சுவர் ஓரம் என்று கிடைத்ததையெல்லாம் கடிக்கும், திடீரென்று வீட்டைச் சுற்றி ஓடிச் சாமான்களை உருட்டும். அந்த நிதானம் வருவதற்கு இரண்டு, இரண்டரை வயது ஆகிவிடும். சராசரி ஆயுளே 8 முதல் 10 வருடம்தான் என்பதால், அதில் கால் பங்கு இந்த ரகளையில் போகும் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

முகத்தை நம்பாதீர்கள், உடலைப் படியுங்கள்

மற்ற நாய்களிடம் நாம் படிக்கிற அடையாளங்கள் பல புல்டாக்கிடம் வேலைக்காகாது. வால் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது, சில நாய்களுக்கு அது திருகி உள்ளே புதைந்திருக்கும். வாலாட்டுவதற்குப் பதில் பின்பகுதி முழுவதையும் ஆட்டும். நெற்றி எப்போதும் சுருங்கியே இருப்பதால் கோபமும் யோசனையும் ஒரே மாதிரி தெரியும். கீழ் இமை தொங்குவதால் பல நாய்களுக்குக் கண்ணின் வெள்ளை சும்மாவே தெரியும். அதனால் பதற்றத்தைக் கண்டுபிடிக்க 'வெள்ளை தெரிகிறதா' என்று பார்ப்பதைவிட, 'வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிகிறதா' என்று பாருங்கள். உங்கள் நாய் நிம்மதியாக இருக்கும்போது நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட எளிது.

இன்னொரு தவறு, வாய் திறந்து நாக்கைத் தொங்கவிட்டால் 'சிரிக்கிறது' என்று எடுத்துக்கொள்வது. வெயிலிலோ கூட்டத்திலோ அது பெரும்பாலும் சூட்டைத் தணிக்க வாங்குகிற மூச்சு. வாயோரம் பின்னால் இழுபட்டு, நாக்கின் நுனி தட்டையாக அகன்று, கழுத்துத் தசை துடித்தால் சந்தோஷமாக இல்லை என்று அர்த்தம்.

பதற்றத்தைக் காட்டுகிற இடங்கள் வேறு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடுவது, உடல் எடை முன்காலுக்கு நகர்வது, அசையாமல் விறைத்து நிற்பது, சாப்பாடு எதுவும் இல்லாதபோது மூக்கை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, தலையை அப்பால் திருப்பிக்கொள்வது. இவை உறுமலுக்கு முந்தைய படிகள். உறுமலை அதட்டி அடக்காதீர்கள். அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த தடவை சத்தமில்லாமல் கடிக்கும்.

மூச்சு: பாதிக் குணம் இங்கேதான் இருக்கிறது

மண்டை குட்டையானாலும் அதற்குள் இருக்கிற சதை குறையவில்லை. மென்னண்ணம் (வாயின் மேல்பக்கத்தில் பின்னால் இருக்கிற மெல்லிய சதை) நீண்டு தொண்டைக்குள் தொங்கும், மூக்குத் துளை கோடு போலச் சுருங்கியிருக்கும், சில நாய்களுக்கு மூச்சுக்குழாயே உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கு வழியாக மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். காற்று போகிற வழி அடைபட்டிருந்தால் சூடும் வெளியேறாது. ஆகவே 'விளையாட வரமாட்டேன்' என்று ஒரு புல்டாக் சொன்னால், முதலில் அது முடியாமையா என்று பார்க்க வேண்டும்.

'இந்த இனத்துக்குக் குறட்டை சகஜம்' என்ற பேச்சு நிறைய நாய்களுக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் லேசான குறட்டை ஒன்று; விழித்திருக்கும்போதே உறிஞ்சுகிற சத்தம் வருவது வேறு. உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது, தலையை உயரமான எதன் மேலாவது வைத்துத்தான் படுப்பது, பொம்மையை வாயில் கவ்வியபடி தூங்குவது ஆகியவற்றை நாம் அழகு என்று படம் எடுக்கிறோம். உண்மையில் அது காற்றுப் பாதையைத் திறந்து வைக்க நாய் கண்டுபிடித்த தந்திரம். சாப்பிட்டதும் நுரையோடு கக்குவதும் இதே குடும்பம். தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். குளிர்ந்த அறையில் நிமிடத்துக்கு 30க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் நாய் இனங்களைப் பதிவு செய்கிற பிரிட்டனின் கென்னல் கிளப்பும் 2019ல் கொண்டுவந்த மூச்சு மதிப்பீட்டு முறையில், நாயை 3 நிமிடம் துள்ளுநடையில் நடத்தி, அதற்கு முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு 0 முதல் 3 வரை தரம் போடுகிறார்கள். 0 என்றால் தொல்லை இல்லை, 3 என்றால் கடுமை. இதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். அண்ணத்தையும் மூக்குத் துளையையும் அறுவை செய்து சரிப்படுத்திய பிறகு, 'சோம்பேறி' என்று பெயர் வாங்கிய நாய் பந்தைத் தேடிப் போவது அபூர்வமில்லை.

சூடு தலைக்கேறினால் நேரம் மிகக் குறைவு. நாய்க்குச் சாதாரண உடல்வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நாக்கு வீங்கிக் கருஞ்சிவப்பாவது, எச்சில் கயிறு போலக் கட்டியாக ஒழுகுவது, கால் தள்ளாடுவது, ஈறு நீலம் பாய்வது, இதில் ஒன்றைக் கண்டாலும் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விசிறியோ மின்விசிறியோ வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். குடிக்கத் தானாக வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், வாயில் ஊற்றக் கூடாது. வெப்பமானி இருந்தால் 39.5 வந்ததும் நிறுத்திவிடுங்கள். தெளிந்துவிட்டது போல இருந்தாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். உள்ளுறுப்புச் சேதம் சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

நடுவழியில் உட்கார்ந்துவிட்டால்

நாய் நிற்கிறது. நீங்கள் இழுக்கிறீர்கள். அது நான்கு காலையும் ஊன்றிக்கொள்கிறது. இன்னும் இழுத்தால் வயிற்றைத் தரையில் பரப்பிப் படுத்துவிடும். அந்த எடையை யாராலும் இழுத்துக்கொண்டு நடக்க முடியாது, அதுவும் அதற்குத் தெரியும். கயிற்றைத் தளர்த்துங்கள். முதலில் வாயைப் பாருங்கள்: நாக்கு அகன்று தொங்குகிறதா? அடுத்து புறங்கையைத் தரையில் 7 விநாடி வையுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. பிறகு நாலு பாதத்தின் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும், அங்கே சீழ்க் கொப்புளம் வருவது இந்த இனத்தில் சகஜம். எதுவும் இல்லையென்றால், அது பார்த்துக்கொண்டிருக்கிற திசையைப் பாருங்கள். தூரத்தில் ஒரு நாயோ வண்டிச் சத்தமோ இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லையா? அப்போதுதான் அது வீம்பு. எதிரே போய் நின்று கூப்பிடாதீர்கள், கண்ணைப் பார்த்துக் கெஞ்சாதீர்கள். பக்கவாட்டில் நின்று, வந்த திசைக்கு இரண்டடி திரும்பி நடந்தால் எழுந்துவிடும். எழுந்ததும் வளைந்து மறுபடி முன்னே போகலாம். உட்கார்ந்த நாய்க்குத் தின்பண்டத்தை நீட்டி எழுப்பினால், இரண்டே நாளில் தின்பண்டம் வாங்குவதற்காக உட்காரக் கற்றுக்கொள்ளும். நடந்துகொண்டிருக்கும்போது கொடுங்கள்.

நடைக்குக் கழுத்துப்பட்டை வேண்டாம். ஏற்கனவே குறுகிய தொண்டையை அது இன்னும் நெரிக்கும். மார்பில் ஒய் வடிவில் உட்காருகிற ஹார்னஸ் வாங்கி, பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்குங்கள். காலையும் மாலையும் வெயில் இல்லாத நேரத்தில் 15, 20 நிமிடம் போதும்.

சொன்ன பேச்சு கேட்க வைப்பது

'உட்கார், உட்கார், உட்கார்' என்று ஐந்து தடவை சொல்லுகிற வீட்டில், ஐந்தாவதுதான் உண்மையான கட்டளை என்று நாய் கற்றுக்கொள்கிறது. ஒரு தடவை சொல்லுங்கள், 4 விநாடி பொறுங்கள். செய்யவில்லையென்றால் கை சைகையால் உதவுங்கள், செய்ததும் இரண்டு விநாடிக்குள் பரிசு கொடுங்கள். புல்டாக் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருகிற நாய்; அந்தத் தாமதத்தை மறுப்பு என்று எண்ணி அடுத்தடுத்துக் கத்துவதால்தான் பாதிப் பயிற்சி கெடுகிறது.

ஒரு வேளைக்கு 3 முதல் 5 நிமிடம், ஒரு நாளைக்கு நாலு வேளை. அதற்கு மேல் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடும். ஒரே செயலை மூன்று தடவை சரியாகச் செய்துவிட்டால் வேறொன்றுக்கு மாறுங்கள், நான்காவது தடவைக்கு அதற்கு அர்த்தம் புரியாது. பரிசுத் துண்டு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். நாள் முழுவதும் கொடுக்கிற துண்டுகளின் கலோரி மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எடை கூடினால் தொண்டையைச் சுற்றியும் கொழுப்பு சேரும், மூச்சு இன்னும் அடைபடும், நாய் இன்னும் நடக்காது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டாம், கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும்.

வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழக்க மற்ற நாய்களைவிடக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கும். குட்டியைத் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும், இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். உள்ளே போய்விட்டால் திட்டாமல், என்சைம் கலந்த திரவத்தால் துடைக்க வேண்டும். அம்மோனியா கலந்த சுத்திகரிப்பான் சிறுநீர் வாடையையே தரும். நாய் தேடி வந்து அதே இடத்தில் போகும்.

கிண்ணத்தருகில் உறுமினால்

'நான்தான் எஜமான்' என்று காட்டுவதற்காகச் சாப்பிடுகிற கிண்ணத்தை இடையில் பிடுங்கிப் பழக்குவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. கையைக் கண்டாலே சாப்பாடு போய்விடும் என்று நாய்க்குக் கற்றுத்தருகிற வழி அதுதான். நேர்மாறாகச் செய்யுங்கள். கிண்ணத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். நாய் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை அதன் பக்கம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் நாலைந்து தடவை, மூன்று நாலு நாள். நீங்கள் வரும்போது தலை நிமிர்ந்து, பின்பகுதி ஆடி, எதிர்பார்ப்போடு பார்த்தால் அரை அடி கிட்டே போகலாம். மெல்லும் வேகம் திடீரென்று கூடினாலோ, கிண்ணத்துக்குள் தலையை வைத்தபடி அசையாமல் நின்றாலோ, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். முந்தைய தூரத்துக்குப் போய் இரண்டு நாள் இருங்கள். ஏற்கனவே கடித்திருந்தால் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம், நாய்களின் நடத்தை தெரிந்த மருத்துவரோடு செய்யுங்கள்.

வாயில் கவ்விய பொருளுக்கும் இதே கணக்குத்தான். தாடையைப் பிரிக்க முயன்றால் பிடி இறுகும், அல்லது விழுங்கிவிடும். ஒரு துண்டை மூக்கருகில் காட்டி 'கொடு' என்று சொல்லி மாற்றிக்கொண்டு, ஆபத்தில்லாத பொருளாக இருந்தால் திருப்பியும் கொடுத்துவிடுங்கள். பறிகொடுத்தது திரும்ப வரும் என்று தெரிந்த நாய் இறுக்கிப் பிடிக்காது. பொம்மை எப்போதும் அதன் வாயைவிடப் பெரியதாக இருக்கட்டும். பச்சைத் தோலில் செய்த மெல்லும் எலும்புகள் வேண்டாம், புல்டாக் மெல்லாமல் விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

குழந்தைகளோடு

குழந்தைகளிடம் இந்த இனத்துக்கு இருக்கிற பொறுமை உண்மைதான். ஆனால் பொறுத்துக்கொள்வதும் விரும்புவதும் வேறு வேறு. மூன்று வயதுக் குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். திறந்திருந்த வாய் மூடுகிறது. தலை அப்பால் திரும்புகிறது. நாக்கு ஒரு தடவை மூக்கைத் தொட்டுவிட்டுப் போகிறது. பார்ப்பவர்களுக்கு நாய் சமர்த்தாக உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அது 'போதும்' என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் நாயைப் பிடித்து இழுக்காமல், உற்சாகமாகக் கூப்பிட்டு வரவழைத்துவிட்டு, பிறகு குழந்தையிடம் பேசுங்கள்.

சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, மேலே ஏறக் கூடாது, முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. தூங்குகிற புல்டாக் குறட்டையில் காலடிச் சத்தம் கேட்காமல் திடுக்கிட்டு எழும். நாயின் படுக்கை யாரும் நடமாடாத மூலையில் இருப்பது இதற்காகத்தான். பள்ளி வயது வராத குழந்தையை எந்தப் புல்டாக்கோடும் தனியே விடக் கூடாது. கடிக்காவிட்டாலும் 25 கிலோ உடம்பு ஆசையாக மோதினாலே குழந்தை தலைகுப்புற விழும்.

மற்ற நாய்கள்

புல்டாக்கை மற்ற நாய்கள் தப்பாகப் புரிந்துகொள்கின்றன. மார்பை முன்னே தள்ளிய நிற்பு, நேரான பார்வை, கர்கர் என்ற மூச்சு மூன்றும் சேர்ந்தால் எதிர் நாய்க்கு அது சண்டைக்கு அழைப்பு. முகத்துக்கு முகம் அறிமுகம் வேண்டாம். 4 மீட்டர் இடைவெளி விட்டு ஒரே திசையில் பக்கவாட்டாக நடத்தி, இரண்டும் தரையை மோப்பம் பிடிக்க ஆரம்பித்த பிறகு நெருங்க விடலாம். ஒரே வீட்டில் இரண்டு வைப்பதானால் ஒன்று ஆண், ஒன்று பெண் என்று வைப்பதே நல்லது. சாப்பாடு தனித்தனி அறையில்.

தனியாக விடுவது

இது மனிதரை ஒட்டி வாழ்கிற நாய். வளர்ந்த நாயை 4 மணி நேரத்துக்கு மேல் தனியே விடுவதை வழக்கமாக்காதீர்கள். குட்டிக்கு வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் அதிகபட்ச மணிக்கணக்கு. 3 மாதக் குட்டி 4 மணி நேரம் தாங்கும், அதுவும் பழகிய பிறகு. பழக்குவதை 30 விநாடியில் தொடங்கி, நாய் கதவைப் பார்க்காமல் இருக்கும்போது மட்டும் கூட்டுங்கள். பிரிவில் பதறுகிற புல்டாக் சாதாரண நாயைப்போல அழுது ஊளையிடுவதோடு நிற்காது. பதற்றத்திலேயே மூச்சு வாங்கி, மூடிய அறையில் சூடேறிவிடும். அதனால் இந்த இனத்தில் இது உயிர்ப் பிரச்சினையும்கூட.

குணம் திடீரென்று மாறினால்

நேற்றுவரை தடவக் கொடுத்த நாய் இன்று உறுமினால், பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் உடம்பைத் தேடுங்கள். காதை முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் தொற்று. மூக்குக்கு மேலிருக்கிற மடிப்பை விரித்தால் ஈரமும் சிவப்பும் தெரியலாம். கண்ணோரத்தில் செர்ரிப் பழம் போலச் சிவந்த சதை பிதுங்கியிருந்தால் அது மூன்றாவது இமையின் சுரப்பி. பலரும் பார்க்காத இடம் வாலடிக் குழி: வாலுக்குக் கீழே விரல் நுனி நுழைகிற பள்ளம் சில நாய்களுக்கு உண்டு. அங்கே அழுக்கு சேர்ந்து புண்ணானால் நாய் சுவரில் பின்பக்கத்தைத் தேய்க்கும், உட்காரத் தயங்கும், பின்னாலிருந்து யார் தொட்டாலும் சீறும். மடிப்புகளை வாரம் இரண்டு மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். துடைப்பதைவிட உலர்த்துவதுதான் முக்கியம். மாடிப்படி ஏற மறுப்பது, சோபாவில் குதிக்க யோசிப்பது இடுப்பு மூட்டு வலியாக இருக்கலாம்.

இன்னும் குட்டி வாங்கவில்லையென்றால், குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். அதை ஐந்து நிமிடம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். திணறாமல் நடக்கிறதா, அந்நியரான உங்களைக் கண்டு ஒதுங்காமல் வருகிறதா, மூக்குத் துளை திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள். குட்டிக்கு 8 வாரம் முடிந்திருக்க வேண்டும். 3 முதல் 14 வாரம் வரைதான் புதிய மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற காலம். அதில் பாதி விற்பவர் வீட்டிலேயே கழிந்துவிடும் என்பதால், குட்டிகள் வீட்டுக்குள் மனிதர்களோடு வளர்ந்தனவா, கூண்டிலா என்று கேளுங்கள். தாயைக் காட்ட மறுத்தால் குட்டியைக் கையில் வாங்காமலே திரும்பிவிடுங்கள். வாங்கிவிட்டால் கீழே விட மனசு வராது.